தீவகத்துக் கைத்தொலைபேசி: யார் யாருக்குப் பொறுப்பு?

யாழ்ப்பாணத் தீவகத்தின் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் போக ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடிக்கும். சோளகக் காற்று எழும்பும் மாதங்களில் கடல் விட்டால்தான் பயணம். நயினாதீவு கிட்டத்தான், ஆனாலும் கடைசிப் படகு போய்விட்டால் அதுவும் தூரம். அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் போகிறவர்கள் ஊர்காவற்றுறையில் காத்திருக்க வேண்டும். படகு ஓடுமா, வைத்தியர் நிற்கிறாரா, பிரதேச செயலகத்தில் கையெழுத்து வைக்க வேண்டியவர் வந்திருக்கிறாரா, நண்டு இன்று என்ன விலை என்று அறிவதற்கே முன்பெல்லாம் ஒரு நாள் உழைப்புப் போய்விடும். அந்த அலைச்சலைக் குறைத்தது கைத்தொலைபேசி. கொழும்பில் இருப்பவருக்கு அது ஒரு வசதி என்றால், தீவகத்தில் இருப்பவருக்கு அது போக்குவரத்தின் ஒரு பகுதி. வீதி உடைந்தால் அதிகாரிகளைக் கேட்கிறோம், படகு நின்றால் பிரதேச செயலாளரிடம் போகிறோம். தொலைபேசி வாங்கிய சூட்டோடு பழுதானால், அதன் வழியாகக் காசு களவு போனால், அது இல்லாததால் ஒரு சேவை தவறினால் மட்டும் எங்கள் கெட்ட காலம் என்று இருந்துவிடுகிறோம். அப்படி இருக்க வேண்டியதில்லை. கருவியை விற்றவருக்கும், அதற்கு மின்சாரம் தருகிறவருக்கும், அது கையில் இருந்தால்தான் அலுவல் நடக்கும் என்று சொல்லும் அலுவலகத்துக்கும் இலங்கைச் சட்டத்தில் கடமைகள் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றைக் கேட்டு வாங்கக் காலக்கெடுவும் எழுதப்பட்டிருக்கிறது. கடலுக்கு நடுவில் இருப்பவரை முதலில் தோற்கடிப்பது அந்தக் காலக்கெடுதான்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, வாங்கியவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். பொருளைப் பற்றிப் பொய்யான விபரம் சொல்லி விற்பதை அதே சட்டம் தடை செய்கிறது. பழுதான பொருள் பற்றி எழுத்தில் முறையிட்டால், அதிகார சபை விசாரித்து, வேறு பொருள் கொடுக்கவோ, காசைத் திருப்பவோ, நட்டஈடு செலுத்தவோ வியாபாரிக்குக் கட்டளையிடலாம். ஆனால் அந்த முறைப்பாடு, பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். சிக்கல் இங்கேதான். யாழ்ப்பாணத்தில் வாங்கிய தொலைபேசி பழுதானால், நெடுந்தீவில் இருப்பவர் அடுத்த தடவை பட்டணம் போகும்வரை அதை வைத்திருப்பார். கடைக்காரர், "கொழும்புக்கு அனுப்பியிருக்கிறம், வந்திடும்" என்பார். வருவதற்குள் மூன்று மாதம் கடந்துவிடும். கடைக்காரரின் வாய்ச்சொல்லுக்கு அந்தக் கெடுவை நிறுத்திவைக்கும் வலு கிடையாது. ஆகவே திருத்தக் கொடுக்கும் அன்றே திகதியிட்டு ஒரு துண்டு எழுதி வாங்குங்கள். இரண்டாம் தடவையும் இழுத்தடித்தால் முறைப்பாட்டை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். கடையோடு பேச்சுவார்த்தை அதற்குப் பிறகும் நடக்கலாம். எப்படி எழுதுவது, எங்கே அனுப்புவது என்று கேட்க 1977 என்ற இலக்கம் இருக்கிறது.

உத்தரவாத அட்டையில் சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும் ஒரு வரி தீவகத்தவருக்கு மற்றெவரையும்விட முக்கியமானது: நீர் பட்ட சேதத்துக்கு உத்தரவாதம் செல்லாது என்ற வரி. பல தொலைபேசிகளில் சிம் தட்டைச் செருகும் துவாரத்துக்குள் வெள்ளை நிறத்தில் ஒரு சிறிய ஒட்டுத்தாள் இருக்கும். நீர் பட்டால் அது சிவந்துவிடும். திருத்துகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான். சிவந்திருந்தால், பழுதுக்குக் காரணம் வேறாக இருந்தாலும், உத்தரவாதம் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். 'நீர் புகாது' என்று விளம்பரப்படுத்தும் தொலைபேசிகள்கூட நன்னீரில் சோதிக்கப்பட்டவை. உப்புநீருக்கு அந்த உறுதி பொருந்தாது. தொழிலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிக் கேட்பவரிடம் இதை மறைத்து, "கடலுக்குத் தாராளமாக் கொண்டுபோகலாம்" என்று விற்றால் அது பொய்யான விபரம். அந்த வாசகத்தைப் பற்றுச்சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்; எழுத மறுத்தால் விடை கிடைத்துவிட்டது. உப்புநீர் பட்ட தொலைபேசியைக் கரைக்கு வந்ததும் சார்ஜரில் போடுவது ஆபத்து. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், துவாரம் கருகும், மின்கலம் சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும்.

ஒரு சார்ஜருக்காக யார் மனு எழுதிக்கொண்டு திரிவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. படகுச் செலவு, பஸ் செலவு, போகாமல் விட்ட தொழில் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் தனியாள் ஒருவருக்கு விட்டுவிடுவதே இலாபம். தரம் குறைந்த சரக்கு தயக்கமில்லாமல் விற்கப்படுவதும் இந்தக் கணக்கை நம்பித்தான். ஆனால் சட்டம் முறைப்பாட்டை எழுத்தில் கேட்கிறதே ஒழிய, நேரில் கொண்டுவரச் சொல்லவில்லை. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் தீவகத்தில் ஏற்கெனவே இயங்குகின்றன. ஒரே கடையில் வாங்கி ஒரே மாதிரிப் பழுதான ஐந்து பொருட்களின் பற்றுச்சீட்டுப் பிரதிகளை ஒரு கடிதத்தோடு சங்கம் அனுப்பினால், ஆளுக்கு ஆகும் செலவு ஒரு முத்திரைக்கும் குறைவு. விசாரிக்கிற அதிகாரிக்கும் ஒரு தனிப் பழுது, ஒரு மோசமான சரக்கு என்ற வித்தியாசம் அப்போதுதான் தெரியும்.

கருவி நல்லதாக இருந்தாலும் மின்சாரம் வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்வலையமைப்புக்கு வெளியே, டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பி வாழ்ந்தவை. சூரிய ஒளியையும் காற்றையும் மின்கலத்தையும் சேர்த்து இங்கே மின்னுற்பத்தி நிலையங்கள் அமைக்கும் வேலை 2021 ஜனவரியில் சீன நிறுவனங்களின் கூட்டுக்குக் கொடுக்கப்பட்டது. தன் கரைக்கு இவ்வளவு கிட்டவா என்று இந்தியா ஆட்சேபித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் வேலை நிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை. பெங்களூரு நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது 2024 மார்ச் 1ஆம் திகதிதான். இந்திய நன்கொடை 11 மில்லியன் டொலர். திட்டத்தில் சூரிய ஒளியிலிருந்து 1,700 கிலோவாட், காற்றிலிருந்து 530 கிலோவாட், துணைக்கு 2,500 கிலோவாட் டீசல். பத்திரிகைகள் இதைப் புவிசார் அரசியல் என்று பக்கம் பக்கமாக எழுதின. தீவில் இருந்தவருக்கு அது மூன்று வருடத் தாமதம், அவ்வளவுதான். மின்னழுத்தம் ஏறி இறங்கித் தொலைக்காட்சியோ குளிர்சாதனப் பெட்டியோ எரிந்துபோனால், நாள், நேரம், மின்கணக்கு இலக்கம் மூன்றையும் குறித்து மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அங்கே தீராவிட்டால், 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடம் போகலாம். நட்டஈடு கிடைத்தே தீரும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் அயலில் நாலு வீட்டில் ஒரே இரவில் எரிந்தது என்று பதிவு இருந்தால், அதை வீட்டு வயரிங் பிழை என்று தள்ளிவிடுவது கடினம்.

களவுக்கு வருவோம். புங்குடுதீவுக்கும் வேலணைக்கும் நெடுந்தீவுக்கும் இன்னொரு பாதி ஊர் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் லண்டனிலும் இருக்கிறது. இரண்டு பாதிகளையும் கட்டிவைத்திருப்பது வட்ஸ்அப். திருடருக்கும் இது தெரியும். தெரிந்த ஒருவரின் கணக்கிலிருந்தே செய்தி வரும்: "மாறி உங்கட நம்பருக்கு ஒரு கோட் வந்திட்டுது, அதை ஒருக்கா அனுப்பிவிடுங்கோ." அந்த ஆறு இலக்கத்தை அனுப்பினால் கணக்கு கைமாறிவிடும். அடுத்த கொஞ்ச நேரத்தில், ஊரில் இருக்கும் அக்காவின் பெயரிலும் படத்திலும் கனடாவில் இருக்கும் தம்பிக்கு, ஆஸ்பத்திரியில் நிற்கிறேன், அவசரமாகக் காசு போடு என்று செய்தி போகும். பேராசைக்காரர்தான் ஏமாறுவார் என்று இதைக் கேட்டதும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே காசை அனுப்புகிறவர் இலாபம் எதையும் எதிர்பார்த்து அனுப்பவில்லை. சகோதரிக்கு ஆபத்து என்று நம்பி அனுப்புகிறார். அவரைக் குறை சொல்வது திருடருக்குச் செய்யும் உதவி, ஏனென்றால் வெட்கப்பட்டவர் முறைப்பாடு செய்யமாட்டார். வட்ஸ்அப் அமைப்புகளில் இரட்டைச் சரிபார்ப்பு என்ற பகுதியில் ஒரு இரகசிய இலக்கத்தைப் போட்டுவைத்தால், வந்த கோட் மட்டும் திருடருக்குப் போதாது. காசு கேட்டுச் செய்தி வந்தால் குரலைக் கேட்காமல் அனுப்புவதில்லை என்று குடும்பத்துக்குள் ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். காசு போய்விட்டால் முதல் அழைப்பு வங்கிக்கு, பிறகு பொலிஸ் நிலையத்துக்கு. ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் நிலையங்கள் இருக்கின்றன. அனுமதியில்லாமல் இன்னொருவரின் கணக்குக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டப்படி ஐந்து ஆண்டுவரை சிறைக்குரிய குற்றம். கணக்கை மீட்கும் வழி கேட்க 101 என்ற இலக்கம் இருக்கிறது.

சிம் யாருடைய பெயரில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கடைக்காரர் பதிந்து கொடுத்தது, வெளிநாடு போன மகனின் அடையாள அட்டையில் எடுத்தது என்று பலவிதமான சிம்களோடு வங்கிக் கணக்கு இணைக்கப்பட்டிருக்கும். தொலைந்தால் அதே இலக்கத்தைத் திரும்ப எடுக்க அந்தப் பெயருக்குரியவர் வேண்டும். பாவித்த தொலைபேசி வாங்குகிறவர் *#06# அழுத்தினால் திரையில் வரும் பதினைந்து இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண்ணைக் குறுஞ்செய்தியாக 1909க்கு அனுப்பிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுப்பது நல்லது. 2025 ஜனவரி இறுதியிலிருந்து, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவாகாத புதிய தொலைபேசிகளுக்கு வலையமைப்பில் இடமில்லை. மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் கையில் மிஞ்சுவது ஒரு படக்கருவி.

திருத்தக் கொடுக்கும் தொலைபேசியோடு அதில் இருக்கும் படங்களும் உரையாடல்களும் கடைக்குப் போகின்றன. சிம்மையும் நினைவக அட்டையையும் கழற்றிவிட்டுக் கொடுங்கள். திரை மாற்றுவதற்குக் கடவுச்சொல் பெரும்பாலும் தேவைப்படாது. ஒருவர் படங்களைத் திருடி மிரட்டினால், சிறிய ஊரில் மானம் போய்விடும் என்ற அச்சமே அவருடைய ஆயுதம். பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929 என்ற உதவி இலக்கங்கள் உள்ளன. மிரட்டல் செய்திகளை அழிக்காமல் வைத்திருப்பது வழக்குக்கு உதவும். 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் சிலர் இதற்குச் சுட்டுகிறார்கள். கருத்துச் சுதந்திரத்துக்கு ஆபத்து என்று பலத்த கண்டனத்துக்கு உள்ளான சட்டம் அது. கணினிக் குற்றங்கள் சட்டமும் பழைய குற்றவியல் சட்டமும் இருக்க, முதலில் கையில் எடுக்க வேண்டியது அதுவல்ல. நிறுவனங்கள் எங்கள் விபரங்களை எப்படிக் கையாளலாம் என்று சொல்லும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, முக்கியமான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வர வேண்டிய நேரத்தில் ஒத்திவைக்கப்பட்டது. தண்டிக்கும் சட்டம் சில நாட்களில் நடைமுறைக்கு வந்தது, காக்கும் சட்டம் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வைக்கப்பட்டது.

இனி அரசாங்கம். 2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூ.ஆர். குறியீடு வந்தது. 2025 பெப்ரவரி 7ஆம் திகதி அரச கொடுப்பனவுகளுக்கான கவ்பே தொடங்கிவைக்கப்பட்டது. வரிசை குறைகிறது, கையூட்டுக்கு இடமும் குறைகிறது. படகேறிப் போக வேண்டியவருக்கு இதைவிட நல்ல செய்தி வேறில்லை. எதிர்ப்பு இணையவழிச் சேவைக்கல்ல, இணையவழி மட்டும் என்ற நிலைக்கு. பார்வை மங்கிய முதியவருக்கும், மின்சாரம் நின்ற நாளில் எவருக்கும், தொலைபேசி இல்லாமலே அலுவல் முடிய ஒரு வழி வேண்டும். இரண்டு வழிகளையும் வைத்திருக்க அரசிடம் காசில்லை என்பார்கள். ஆனால் நாடு வங்குரோத்தாகி நின்ற அதே 2022இல், எரிபொருள் குறியீட்டைத் தாளில் அச்சிட்டு எடுத்துவந்தவருக்கும் எண்ணெய் அடித்தார்கள். ஒரு தாளுக்கு ஆகும் செலவு அது. மொழியும் இதில் சேர்த்தி: 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தத்துக்குப் பிறகு வடக்கு, கிழக்கின் நிருவாக மொழி தமிழ். அரச அலுவலகத்தின் குறுஞ்செய்தியோ இணையப் படிவமோ சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் வந்தால் அது உரிமை மீறல். அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். நேரில் விண்ணப்பிக்க முடியாது என்று ஒரு அலுவலகம் சொன்னால், அப்படிச் சொல்லும் சுற்றறிக்கை எது என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். எழுத முடியாதவர் வாயால் கேட்டாலும் தகவல் அதிகாரி அதை எழுத்தாக்க வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

கடைசியில் கருவி செத்துப்போகும். தீவகத்தில் அது கிடங்கில் புதைக்கப்படும், அல்லது குப்பையோடு எரிக்கப்படும். நெடுந்தீவு முருகைக்கல்லும் சுண்ணக்கல்லுமான தரை; மழைநீர் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்துதான் கிணற்றுக்கு வருகிறது. பழைய தொலைக்காட்சியின் ஈயமும் மின்கலங்களின் உலோகங்களும் அதே வழியால் இறங்கும். சுன்னாகத்தில் மின்நிலைய எண்ணெய் கிணறுகளில் கலந்தபோது வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019இல் நிறுவனம் 20 மில்லியன் ரூபாய் நட்டஈடு கட்டத் தீர்ப்பானது. அங்கே ஒரு நிறுவனம் பிரதிவாதியாக இருந்தது. வீட்டுக்கு வீடு புதைத்த மின்கலங்களுக்கு அப்படி ஒரு பிரதிவாதி கிடைக்கமாட்டார். 2008ஆம் ஆண்டின் விதிகள் இலத்திரனியல் கழிவைத் தனிவகைக் கழிவாகப் பட்டியலிட்டு, அதைக் கையாள மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்கின்றன. அனுமதி பெற்ற சேகரிப்பாளரை இறங்குதுறைவரை வரவழைப்பதும், அதுவரை மின்கலங்களை மழைபடாமல் சேர்த்துவைக்க ஒரு கூண்டு வைப்பதும் நெடுந்தீவு, வேலணை, ஊர்காவற்றுறைப் பிரதேச சபைகளால் முடிகிற வேலை. வருடாந்த வரவுசெலவுத் திட்டத்தில் அதற்கு ஒரு வரி இருக்கிறதா என்று பார்ப்பது உறுப்பினர்களை வாக்களித்து அனுப்பியவர்களின் வேலை. இல்லையென்றால் கேட்பதற்கான சட்டம் மேலே சொன்ன தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான்.