மாபெரும் போர் – 31: கையெழுத்துப் போடப் போனவர்

1918 நவம்பர் 7, இரவு. வடக்கு பிரான்சில் லா கப்பெல் என்ற ஊருக்கு அருகே, ஜெர்மன் பக்கத்திலிருந்து சில கார்கள் ஊர்ந்து வந்தன. முன்னால் வெள்ளைக் கொடி. சுட்டுவிடாதீர்கள் என்று சொல்வதுபோல ஒரு சிப்பாய் கொம்பு ஊதிக்கொண்டே வந்தான்.

தூதுக்குழுவின் தலைவர் ராணுவத்தைச் சேர்ந்தவர் அல்ல. மத்தியாஸ் எர்ஸ்பெர்கர், 43 வயது, பருத்த உடம்பு, மூக்குக் கண்ணாடி. தையற்காரரின் மகன், பள்ளி ஆசிரியராக இருந்து கத்தோலிக்கர்களின் மையக் கட்சி வழியாக நாடாளுமன்றத்துக்கு வந்தவர். சில வாரங்களுக்கு முன்புதான் அவருடைய மகன், ராணுவப் பயிற்சியில் இருந்தபோது, விஷக் காய்ச்சலில் இறந்திருந்தான்.

தோற்றவை ஜெர்மன் படைகள். அப்படியிருக்க, சரணடையும் காகிதத்தில் கையெழுத்துப் போட ஓர் அரசியல்வாதி ஏன் போனார்?

விடை செப்டம்பர் 29-லேயே எழுதப்பட்டுவிட்டது. அன்று ஸ்பா நகரில் ராணுவத் தலைமையில் இருந்த ஹிண்டன்பர்க்கும் லூடன்டார்ஃபும் ஜெர்மன் பேரரசரான கெய்சரிடம் போய், உடனே போர்நிறுத்தம் கேட்டாக வேண்டும் என்றார்கள். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள்: நாடாளுமன்றக் கட்சிகளை ஆட்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கு ஆண்டுகள் அந்தக் கட்சிகளை வாசலிலேயே நிறுத்திவைத்தவர்களுக்குத் திடீரென்று ஜனநாயகத்தின் மேல் எங்கிருந்து வந்தது அந்தக் காதல்? கெட்ட பெயரைச் சுமக்க ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

எர்ஸ்பெர்கரும் அப்பழுக்கற்றவர் அல்ல. 1914-ல் பக்கத்து நாடுகளின் நிலத்தைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும் என்று உரக்கப் பேசியவர்களில் அவரும் ஒருவர். 1917 ஜூலையில், நிலம் பறிக்காத சமாதானம் வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் தீர்மானம் நிறைவேறக் காரணமாயிருந்தவரும் அவரே. ராணுவத்தார் அதை மறக்கவில்லை.

மறுநாள் காலை, கொம்பியேன் காட்டில் நின்றிருந்த ஒரு ரயில் பெட்டியில் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி மார்ஷல் ஃபோஷ் தூதுக்குழுவைச் சந்தித்தார். போர்நிறுத்தம் கேட்கிறோம் என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்லும்வரை நிபந்தனைகளைப் படிக்க விடவில்லை. பேரம் பேச இடமில்லை. 72 மணி நேரம் கெடு. பிடித்த பகுதிகளிலிருந்து 15 நாளில் வெளியேற வேண்டும். 5,000 பீரங்கிகள், 5,000 ரயில் எஞ்சின்கள், 1,50,000 ரயில் பெட்டிகள் ஒப்படைக்க வேண்டும். ஜெர்மானியரைப் பட்டினி போட்ட கடல் முற்றுகை மட்டும் அப்படியே தொடரும். எர்ஸ்பெர்கர் அதிகம் மன்றாடியது அந்தக் கடைசி விஷயத்துக்காகத்தான்.

கெடு முடிவதற்குள் பெர்லினில் கெய்சரின் ஆட்சியே கவிழ்ந்துபோயிற்று. 10-ம் தேதி ஹிண்டன்பர்க்கிடமிருந்து தந்தி: முடிந்தால் நிபந்தனைகளைத் தளர்த்தப் பாருங்கள், முடியாவிட்டாலும் கையெழுத்திடுங்கள்.

11-ம் தேதி விடிகாலை ஐந்து மணி தாண்டியதும் கையெழுத்தாயிற்று. பகல் பதினொரு மணிக்குத் துப்பாக்கிகள் ஓய்ந்தன. இடைப்பட்ட நேரத்திலும் செத்தவர்கள் உண்டு. ஃபோஷ் யாருக்கும் கைகொடுக்கவில்லை.

ஓராண்டு கழித்து, 1919 நவம்பரில், நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் ஹிண்டன்பர்க் வந்து நின்றார். ஜெர்மன் ராணுவம் முதுகில் குத்தப்பட்டது என்று ஓர் ஆங்கிலேயத் தளபதி சொன்னதாகச் சொல்லிவிட்டுப் போனார். தான் அனுப்பிய தந்தி அவருக்கு நினைவில்லை போலும்! குத்தியவர்கள் யார் என்று கேட்டவர்களுக்கு, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெயர் தயாராக இருந்தது.

1921 ஆகஸ்ட் 26 அன்று, கறுப்புக் காட்டு மலைப்பகுதியில் உள்ள பாட் கிரீஸ்பாக்கில், நண்பர் ஒருவருடன் நடந்துகொண்டிருந்த எர்ஸ்பெர்கரை முன்னாள் படை அதிகாரிகள் இருவர் சுட்டுக் கொன்றார்கள். இருவரும் ஹங்கேரிக்குத் தப்பினார்கள்.

1933 மார்ச் 21 அன்று, நாஜிகள் சொன்ன ‘தேசிய எழுச்சி’க்காகக் குற்றம் செய்தவர்களுக்கெல்லாம் பொதுமன்னிப்பு வழங்கி ஓர் ஆணை வெளியானது. எர்ஸ்பெர்கரைக் கொன்றவர்களும் அதில் அடக்கம். கீழே குடியரசுத் தலைவரின் கையெழுத்து இருந்தது: ஹிண்டன்பர்க்.

(தொடரும்)