மங்கிய மேனியும் அதன் விலையும்

ஒளிர்வதே உயர்ந்தது என்று எண்ணுதல் உலகத்தார் இயல்பு. ஆயின் இக்காலத்து வணிகரோ விலையுயர்ந்த பொருளை ஒளி மங்கிய உறையிலிட்டு விற்கின்றனர். சென்னையிலே, கே.கே. நகரின் இனிப்புக் கடையொன்றில் தீபாவளிப் பரிசுக்கென அடுக்கப்பட்ட பெட்டிகளை நோக்குவோமாயின் இவ்வுண்மை புலனாகும். மலிந்த பெட்டி விளக்கொளியில் பளபளக்கின்றது. விலைமிக்க பெட்டியோ பட்டுப்போன்ற மென்மையோடு அடங்கி நிற்கின்றது. திருமண அழைப்பிதழ்களிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். அச்சகத்தார் இதனை ‘மேட் லேமினேஷன்’ என வழங்குவர். இம்மங்கல் எங்ஙனம் உண்டாகின்றது, அதற்கு நாம் கொடுக்கும் விலை யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

அப்பெட்டியின் மேனி வெறுந்தாளன்று. அட்டையின்மீது ஒட்டப்பெற்றதொரு மெல்லிய பிளாஸ்டிக் படலமாகும். நம் தலைமயிரின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான் எனின், இப்படலத்தின் கனம் பெரும்பாலும் 12 முதல் 20 மைக்ரான் அளவினதே. இது பாலிப்புரொப்பிலீன் என்னும் பொருளால் ஆயது. ஒழுங்கான அமைப்புடைய அப்பொருளை இத்தாலிய அறிஞர் ஜூலியோ நாட்டா 1954-ஆம் ஆண்டில் ஆக்கினார். கார்ல் சீக்லர் என்னும் ஜெர்மானிய அறிஞரோடு 1963-இல் நோபெல் பரிசும் பெற்றார்.

படலஞ் செய்யும் முறை வருமாறு: உருக்கிய பிளாஸ்டிக்கைத் தட்டையான பிளவின் வழியே வெளிப்படுத்திக் குளிர்ந்த உருளையின்மேல் தகடாக உறையச் செய்வர். பின்னர் அதனைச் சூடாக்கி, நீளவாட்டில் ஐந்து மடங்களவும், அகலவாட்டில் எட்டு மடங்கிற்கு மேலும் இழுப்பர். இங்ஙனம் இருபுறமும் இழுக்கப்படுதலால் மூலக்கூறுகள் ஒழுங்குற வரிசைப்பட்டு, மெல்லிய படலத்திற்கு மிக்க வலிமை தருகின்றன.

இனி, மங்கல் தோன்றும் விதத்தைக் காண்போம். மேற்பரப்பு சமமாயிருப்பின் ஒளி ஒரே திசையில் திரும்புகின்றது, அதுவே பளபளப்பு. பரப்பில் நுண்ணிய மேடு பள்ளங்கள் இருப்பின் ஒளி பல திசையிலும் சிதறுகின்றது, அதுவே மங்கல். நாம் காணும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரையிலாதலின், ஒரு மைக்ரான் அளவிலான மேடுகளே இதற்குப் போதும். இவற்றை ஆக்கும் பொருட்டு, தம்முள் எளிதிற் கலவாத இருவகைப் பிளாஸ்டிக்குகளைப் படலத்தின் மேலடுக்கில் சேர்ப்பர். இழுக்குங்கால் அவை ஒன்றுபோல் நீளாமையால் மேற்பரப்பு கரடாகின்றது. நெய்க்கை பட்ட இடம் கருத்து மினுக்குவதும் இக்காரணத்தாலேயே. நெய் பள்ளங்களை நிரப்பிப் பரப்பைச் சமமாக்குகின்றது. தேய்த்த கண்ணாடியின்மேல் நீர் தெளித்தால் அது தெளிவுறுவதும் இவ்வாறே. மாணாக்கர் இதனை வீட்டிலேயே சோதித்தறியலாம்.

நிற்க. அழகுக்குரிய விலையை இனி எண்ணுவோம். வெறும் அட்டைப்பெட்டி பழைய பேப்பர் கடைக்குச் சென்று, ஆலையில் நீரில் ஊறிக் கூழாகி, மீண்டும் அட்டையாகும். படலம் ஒட்டிய அட்டையோ எளிதிற் கூழாகாது. படலம் துண்டுகளாக மிதந்து, தன்னோடு நாரையும் பற்றிச் செல்கின்றது. பசை சல்லடைகளை அடைக்கின்றது. பிரித்தெடுத்தல் இயலாததன்று, ஆயினும் செலவும் உழைப்பும் மிகுதலின் இதனை விரும்பி வாங்குவோர் அரியர். இங்ஙனம் தனித்தனியே பயன்படக்கூடிய இரு பொருள்கள், ஒன்றாய் ஒட்டியமையாலேயே குப்பையாகின்றன.

தென்சென்னையின் குப்பை நெடுங்காலம் சென்று சேர்ந்த இடம் பெருங்குடி. அக்குப்பைமேடு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அரித்து எழுந்ததாகும். அச்சதுப்பு நிலமோ 2022-இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய நீர்நிலமாக ஏற்கப்பட்டது. ஒரு நாளைக்கு மட்டும் கண்ணுக்கு இனிதாய் நின்ற படலம், பறவைகள் வந்து தங்கும் நிலத்தருகே பல தலைமுறை அழியாது கிடத்தல் தகுமோ?

தமிழ்நாட்டரசு ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றை 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து விலக்கிற்று. இந்திய அரசு 2022 ஜூலை முதல் நாளிலிருந்து விலக்கிய பொருள்களுள், இனிப்புப் பெட்டிகளையும் அழைப்பிதழ்களையும் சுற்றும் படலமும் ஒன்று. சுற்றிய படலத்தைக் கண் காணும், கை நீக்கும். ஒட்டிய படலமோ அட்டையே போல் தோன்றி மறைந்து நிற்கின்றது. ஆகவே சட்டத்தோடு நம் அறிவும் துணைசெய்தல் வேண்டும்.

அறியும் வழி எளிது. பெட்டியின் ஓரத்தைச் சிறிது கிழிக்க. அட்டை கிழிந்தபின்னும் தோல்போல் ஒன்று நீண்டு நிற்குமாயின் அது படலம். நார் தோன்ற முழுதும் கிழியுமாயின் அது தாளே. மங்கல் அழகை முற்றும் துறத்தலும் வேண்டா. நீரிற் கரைத்த மங்கல் வார்னிஷை அச்சின்மேற் பூசினால் ஏறத்தாழ அதே தோற்றம் கிடைக்கும். அட்டையும் ஆலைக்குத் திரும்பும். ஈரத்தையும் உராய்வையும் படலம் போல் அது தாங்காதென்பது மெய்யே. எனினும், ஒரு மாலைப்பொழுது கையிலிருக்கும் அழைப்பிதழுக்கு அத்துணைக் காப்பு எதற்கு?

நம் கல்லூரி விழாக்களுக்கு ஆண்டுதோறும் அழைப்பிதழ் அச்சிடுகின்றோம். பழைய மாணவர் இல்லத் திருமணங்களுக்கும் அச்சிடுகின்றனர். அச்சகத்தார் ‘மேட் லேமினேஷன் வேண்டுமோ?’ என வினவும்போது, ‘வார்னிஷ் போதும்’ என விடையிறுத்தல் நம்மனைவர்க்கும் இயல்வதே.