கரிசல் பாட்டுக்குக் கட்டற்ற கம்ப்ரஸர்

புதியம்புத்தூரை வெளியூர்க்காரர்கள் ரெடிமேட் துணிக்காக அறிவார்கள். அதைச் சுற்றிய கரிசல் கிராமங்களில், ஓட்டப்பிடாரம் தொடங்கி எட்டயபுரம், கோவில்பட்டி வரைக்கும், கோயில் கொடைகளில் பாடப்படும் வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும் இப்போது பதிவாகி யூடியூபுக்குப் போகின்றன. பதிவு செய்பவர் மைக்செட்காரராக இருப்பார், இல்லாவிட்டால் கல்யாண வீடியோ எடுக்கும் இளைஞராக இருப்பார். மிக்ஸரிலிருந்து ஒரு வயர், ஒரு லேப்டாப், ஒலியைச் சீராக்க ஒரு கம்ப்ரஸர் ப்ளகின். அந்தக் கம்ப்ரஸர் காசு கொடுத்து வாங்கியது என்றால் பேச்சில்லை. பூட்டை உடைத்த ‘கிராக்’ பதிப்பு என்றால், அதை இன்றைக்கே அழித்துவிட்டு, கட்டற்ற மென்பொருளாகக் கிடைக்கும் கம்ப்ரஸருக்கு மாறிவிட வேண்டும். பணம் மிச்சமாவது இருக்கட்டும். ஒரு வட்டாரத்தின் ஒலியைப் பதிந்து வைக்கும் கருவி, அந்த வட்டாரத்து ஆட்களின் கைக்கு அடங்கியதாக இருக்க வேண்டும்.

வில்லுப்பாட்டு மேடையை எடுத்துக்கொள்வோம். புலவர் கதையை வசனமாகச் சொல்லும்போது குரல் தணிந்திருக்கும். சாமி வருகிற இடத்தில் அதே குரல் பல மடங்கு ஏறும். நடுவே வீசுகோல் அடியில் வில்லின் மணிகள் குலுங்கும், உடுக்கை உறுமும், குடத்தின் வாயில் பத்தி என்னும் மட்டை விழுந்து கும்மென்று அதிரும். கம்ப்ரஸர் இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அமுக்கம் தொடங்கும் எல்லையான த்ரெஷோல்டு மைனஸ் 18 டெசிபல், ரேஷியோ 4-க்கு 1 என்று வைத்தால், மைனஸ் 6 வரை ஏறிய குரல் எல்லைக்கு மேல் 12 டெசிபல் நிற்கிறது. அந்த 12 மூன்றாகச் சுருங்கி, குரல் மைனஸ் 15-இல் வந்து நிற்கும். பிறகு மொத்த ஒலியையும் உயர்த்திக்கொள்ளலாம். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் மிக்ஸரிலிருந்து எல்லாம் ஒன்றாகக் கலந்து வரும் பதிவில், குடத்தின் அடிக்கனம் ஒவ்வொரு முறை விழும்போதும் கம்ப்ரஸர் அதைக் கண்டு மொத்தத்தையும் அமுக்கிவிடும். கூடவே புலவரின் குரலும் அமுங்கும், அடுத்த நொடி எழும்பும். பாட்டே மூச்சு வாங்குவது போலக் கேட்கும். சினிமாப் பாட்டுக்கும் மேற்கத்திய டிரம்ஸுக்கும் கட்டிவைத்த ப்ரீசெட்டை அப்படியே போட்டால் இதுதான் நடக்கும்.

இதற்கு மருந்து உண்டு. கம்ப்ரஸர் காது கொடுத்துக் கேட்கும் ‘சைட்செயின்’ பாதையில் மட்டும் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை வடிகட்டிவிட்டால், குடம் அதிரும், ஆனால் கம்ப்ரஸரை இழுக்காது. ரேஷியோவை 2-க்கு 1 என்று குறைத்து, அமுக்க எடுத்துக்கொள்ளும் நேரமான அட்டாக்கை 20 மில்லி செகண்டுக்கு மேல் வைத்தால் வீசுகோல் அடியின் கூர்மையும் தப்பிக்கும். இந்த வடிகட்டும் வசதி எல்எஸ்பி என்ற கட்டற்ற ப்ளகின் தொகுப்பின் கம்ப்ரஸரிலேயே இருக்கிறது. கால்ஃப் தொகுப்பில் சைட்செயின் கம்ப்ரஸர் என்றே தனியாக ஒன்று உண்டு. ஏர்விண்டோஸ் ப்ளகின்கள் படாடோபமான திரை இல்லாதவை, எம்ஐடி உரிமத்தில் நிரலோடு கிடைப்பவை. பழைய லேப்டாப்பையும் அதிகம் வருத்தாதவை. இவை எதையும் தேடிப் போக நேரமில்லை என்பவருக்கு ஆடாசிட்டி போதும். 2024-இல் வந்த 3.6 பதிப்பில் அதன் கம்ப்ரஸரைப் புதிதாக எழுதி, பாட்டு ஓடும்போதே கேட்டுத் திருத்தும்படி செய்திருக்கிறார்கள்.

கம்ப்ரஸர் ஒன்றும் மறைத்து வைத்த வித்தை இல்லை. 1960-களில் அமெரிக்க ஸ்டுடியோக்களில் புழங்கிய எல்ஏ-2ஏ, 1176 போன்ற பெட்டிகளின் வேலைமுறை உலகறிந்தது. டிஜிட்டல் கம்ப்ரஸரை எப்படி வடிவமைப்பது என்று கணக்கோடு விளக்கும் ஆய்வுக் கட்டுரை 2012-இல் ஒலிப் பொறியாளர் சங்க இதழில் வெளிவந்து, மாணவர்கள் அதைப் படித்து எழுதிப் பார்க்கிறார்கள். அறிவு பொதுவில் இருக்கும்போது கருவியைத் திருட வேண்டிய அவசியம் என்ன? புதியம்புத்தூரில் தைக்கிறவர் நூலின் டென்ஷன் சரியில்லை என்றால் மெஷினைத் திறந்து திருகைத் திருப்பிச் சரிசெய்துகொள்கிறார். மெஷினைத் திறக்கவே கூடாது என்றால் அந்தத் தொழில் ஒரு வாரம் தாங்காது. கட்டற்ற கம்ப்ரஸர் அப்படித் திறக்கக்கூடியது. உடுக்கைக்கும் குடத்துக்கும் பொருந்தும்படி ஒரு பொறியியல் மாணவர் அதன் நிரலை மாற்றலாம், மாற்றியதை அடுத்த ஊர்க்காரருக்குக் கொடுக்கலாம். உரிமமே அதற்கு அனுமதி தருகிறது.

உண்மையில் நம்மைக் கவலைப்பட வைப்பது பத்து வருஷத்துக்குப் பிறகான நிலைமை. 2019-இல் பிரபலமான ஓர் இயங்குதளம் 32 பிட் மென்பொருள்களை ஏற்பதை நிறுத்தியபோது, பழைய ப்ளகின்கள் பல ஒரே நாளில் ஊமையாகின. நிரல் யாரிடம் இருக்கிறதோ அவர் மனம் வைத்தால்தான் மீட்பு. கிராக் பதிப்பு வைத்திருப்பவர் அதைக் கேட்கக்கூட முடியாது. அதே நேரம் எஸ்சி4 என்ற கட்டற்ற கம்ப்ரஸர் 2000-களின் தொடக்கத்தில் எழுதப்பட்டது. இன்றும் லினக்ஸில் நிறுவி ஓட்டலாம். எழுதியவர் ஒதுங்கினாலும் நிரலை வேறொருவர் எடுத்துச் செப்பனிடலாம் என்பதால்தான் அது உயிரோடு இருக்கிறது. கிராக்கோடு வைரஸும் சேர்ந்து வரும் என்பதை அனுபவப்பட்டவர்களுக்குச் சொல்ல வேண்டாம். கொடைப் பதிவுகள் மொத்தமும் இருக்கிற ஹார்டு டிஸ்க் ஒரே ராத்திரியில் போய்விடும். சட்டமும் இருக்கிறது. திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கணினியில் பயன்படுத்தினால், பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. தொழிலுக்காக இல்லாமல் பயன்படுத்தினால் நீதிமன்றம் தளர்த்தலாம். கூலிக்குப் பதிவு செய்துகொடுப்பவர் அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது.

விலை கொடுத்து வாங்கும் ப்ளகின்களில் பழைய பெட்டிகளின் குழைவு இன்னும் நன்றாக வருகிறது என்று ஒலிப்பதிவுக்காரர்கள் சிலர் சொல்வதில் உண்மை உண்டு. சினிமா ஸ்டுடியோவுக்கு அது பொருந்தும். கூம்பு ஸ்பீக்கரின் கீச்சும் கூட்டத்தின் இரைச்சலும் கலந்த கொடைப் பதிவில் அந்த நுட்பம் காதில் ஏறாது. கற்பது கடினம் என்பது இன்னொரு ஆட்சேபம். கிராக் பதிப்பைக் கற்பதும் அதே கடினம்தான். த்ரெஷோல்டும் ரேஷியோவும் எந்தத் திரையிலும் ஒன்றுதான். சத்தம் கூட்டினால்தான் ஆட்கள் கேட்பார்கள் என்பது மூன்றாவது. ஆனால் அளவுக்கு மேல் உரத்த ஒலியை யூடியூப் ஏறக்குறைய மைனஸ் 14 லஃப்ஸ் என்ற அளவுக்குத் தானே இறக்கிவிடுகிறது. நசுக்கி நசுக்கி ஏற்றிய சத்தம் அங்கே போய் இறங்கிவிடும், நசுங்கியது மட்டும் மிஞ்சும். சாமி வருகிற இடமும் வசனம் சொல்கிற இடமும் ஒரே உயரத்தில் கேட்டால் அது வில்லுப்பாட்டே இல்லை.

கோவில்பட்டியில் வாழ்ந்த நாகஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம் 1964-இல் மறைந்தார். அவரை நேரில் கேட்காத தலைமுறைக்கு இன்று மிஞ்சியிருப்பது அவருடைய இசைத்தட்டுகளும் ஒலிநாடாக்களும் 1962-இன் ‘கொஞ்சும் சலங்கை’ படமும்தான். அந்தப் பதிவுகளை இன்றைய கருவியால் எடுத்துக் கேட்க முடிகிறது, சுத்தம் செய்ய முடிகிறது. நம் கிராமத்துப் புலவர்களின் பதிவுக்கும் அந்த வாய்ப்பு வேண்டும். நசுக்கி முடித்த ஒலியை மட்டும் வைத்துக்கொண்டால் எந்தக் கருவியாலும் பழைய ஏற்ற இறக்கத்தை முழுதாகத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆகவே கொடை பதிவு செய்யும் தம்பி தங்கைகளிடம் இதைக் கேட்டுக்கொள்கிறோம். கம்ப்ரஸர் போடுவதற்கு முன்புள்ள மூலப் பதிவை டபிள்யூஏவி கோப்பாகத் தனி டிஸ்க்கில் வையுங்கள். எந்தப் புலவர், எந்த ஊர்க் கோயில், எந்தத் தேதி, கம்ப்ரஸரில் என்ன அளவுகள் என்று கூடவே ஒரு குறிப்பு எழுதி வையுங்கள். வரும் ஆடிக் கொடைக்குள் கிராக்கை அழித்துவிட்டு, நிரல் திறந்திருக்கும் கம்ப்ரஸருக்கு மாறிவிடுங்கள்.