கல்சிந்தூர்ச் சிறுமிகள்

2012 செப்டெம்பரில் தெற்காசிய மகளிர் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி கொழும்பில் நடைபெற்றது. இறுதியாட்டத்தில் இந்தியா நேபாளத்தை 3-1 என வென்றது. எமது அணி அரையிறுதிவரை சென்றது; பங்களாதேஷ் முதற் சுற்றோடு வீடு திரும்பியது. அதே பங்களாதேஷ்தான் 2022 இலும் 2024 இலும் கிண்ணத்தைத் தட்டிச் சென்றது. 2025 இல், ஆசியக் கிண்ண இறுதிச் சுற்றுக்கும் முதன்முறையாகத் தகுதி பெற்றது.

இடையில் என்ன நடந்தது? விடையைத் தலைநகர் டாக்காவில் தேட வேண்டியதில்லை. 2011 இல் அந்நாட்டு அரசு, ஆரம்பப் பாடசாலைச் சிறுமியருக்கென நாடளாவிய போட்டியொன்றைத் தொடங்கியது. மைமன்சிங் மாவட்டத்தில், இந்திய எல்லையோரமாகக் கிடக்கும் கல்சிந்தூர் என்ற கிராமத்தின் ஆசிரியர்கள் பிள்ளைகளைத் திரட்டிப் பழக்கினார்கள். பெண்பிள்ளை அரைக்காற்சட்டையோடு ஓடுவதா என்ற முணுமுணுப்பு அங்கும் எழாமலில்லை. ஆயினும் அப்பாடசாலை தேசியக் கிண்ணத்தை வென்றது. மரியா மந்தா, சஞ்சிதா அக்தர், தஹுரா காத்துன் ஆகியோர் அங்கிருந்து தேசிய அணிக்கு வந்தவர்களே. இருளில் கிடந்த ஊருக்கு இவர்களின் வெற்றியால் மின்சாரமும் வந்தது!

எம் பக்கம் பார்ப்போம். தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரி மாணவிகள் உதைபந்தாட்டத்தில் பெயர் பெற்றவர்கள். கொழும்பிலோ, கொட்டாஞ்சேனைக்கு அருகிலேயே சுகததாச மைதானம் இருக்கிறது. மாலையில் பையன்கள் ஒழுங்கைகளில் பந்து உதைக்கிறார்கள்; தங்கைமார் ரியூஷனுக்குப் போகிறார்கள். வெள்ளவத்தையிலும் இதே கதைதான். கல்சிந்தூர்ப் பிள்ளைகள் பந்தைத் தொட்ட வயதில், எம் பிள்ளைகள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.