முதலிடம் யாருக்கு? – 8
எரிக் லிடலின் இரண்டு ஞாயிறுகள்

சென்ற வாரம் தானியேலைப் பார்த்தோம். ஜெபத்தைத் தடைசெய்யும் கட்டளையில் ராஜா கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று தெரிந்த பிறகும் அவர் புதிதாக எதையும் செய்துவிடவில்லை. முன்பு செய்துவந்தபடியே மூன்று வேளையும் முழங்காலில் நின்றார். சோதனை வருமுன்பே அவருக்குள் முடிவு இருந்தது. நம் காலத்துக்குச் சற்று முன் வாழ்ந்த ஓட்டப்பந்தய வீரர் எரிக் லிடலிடமும் இதையே காண்கிறேன்.

1924 பாரிஸ் ஒலிம்பிக். 100 மீட்டர் ஓட்டத்தின் முதல் சுற்று ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை. ஓய்வுநாள் ஆண்டவருக்குரியது, ஓடமாட்டேன் என்றார் 22 வயது லிடல். அவரைப் பற்றிய ‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ படத்தில் கப்பலேறும் வேளையில்தான் அவருக்கு இந்தச் செய்தி தெரியவரும். நடந்தது அப்படியல்ல. போட்டி அட்டவணை மாதக்கணக்கில் முன்னதாகவே வந்துவிட்டது. அதைப் பார்த்த அன்றே அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. 100 மீட்டரோடு, ஞாயிறன்று வந்த தொடர் ஓட்டங்களையும் விட்டுவிட்டு, மிச்ச மாதங்களில் 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்தார். ஜூலை 11 அன்று 47.6 விநாடிகளில் ஓடி, உலக சாதனையோடு தங்கம் வென்றார்.

தேவனுக்கு முதலிடம் கொடுத்ததால் தங்கம் கிடைத்தது என்று இதைப் பிரசங்கமேடையில் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. தோற்றிருந்தாலும் அந்த ஞாயிறு அவருக்கு அதே ஞாயிறுதான். அடுத்த ஆண்டே, புகழின் உச்சியில், தான் பிறந்த சீனாவுக்கு மிஷனரியாகத் திரும்பினார். தியான்ஜின் கல்லூரியில் பாடம் நடத்தினார். பிறகு போர் சூழ்ந்த கிராமங்களில் ஊழியம் செய்தார். 1941இல் கர்ப்பிணி மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் கனடாவுக்கு அனுப்பினார். மூன்றாவது மகளின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

1943இல் ஜப்பானியர் அவரை வெய்ஷியன் முகாமில் அடைத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். தனிமை என்பதே கிடையாது. லிடலும் அறைத்தோழர் ஒருவரும் மற்றவர்கள் எழுமுன் எழுந்து, கடலை எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் வேதம் வாசித்து ஜெபிப்பார்கள். அதற்குப் பிறகுதான் தண்ணீர் சுமப்பது, பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுப்பது, முதியவர்களுக்கு உதவுவது எல்லாம். நேரமில்லை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, கண் விழித்ததும் கை செல்போனுக்குப் போவதில் கரைகிறது. பிள்ளைகளின் டியூஷன், அலுவலக வண்டி, அடுப்படி எல்லாம் மெய்யான நெருக்கடிகள்தான். ஆனாலும் வீடு எழுந்திருக்குமுன் பத்து நிமிஷம் எல்லோருக்கும் எட்டக்கூடியதே. அந்தப் பத்து நிமிஷத்தைக் கெஞ்சிக் கேட்கிறேன், அவருக்குக் கொடுங்கள்.

அந்த முகாமில் நடந்த ஒன்றை ஆலயங்களில் நாம் அதிகம் சொல்வதில்லை. இளம்பிள்ளைகளுக்கு ஹாக்கி நடத்தியவர் லிடல்தான்; ஞாயிறு மட்டும் வரமாட்டார். ஒரு ஞாயிறு அவர்கள் நடுவர் இல்லாமல் ஆடி, அடிதடியில் முடிந்தது. அடுத்த ஞாயிறு லிடல் விசிலோடு மைதானத்துக்கு வந்து நின்றார். ஒலிம்பிக் பதக்கத்துக்காக ஞாயிறன்று ஓடாதவர், பெற்றோரைப் பிரிந்து கிடந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத் தன் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தார்.

கொள்கை தளர்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளமாட்டேன். பாரிஸில் அவர் மறுத்தது தன் பெயருக்காக ஓடுவதை; வெய்ஷியனில் இசைந்தது பிறர் பிள்ளைகளுக்காக. சூம்பின கையுள்ளவனை ஓய்வுநாளில் சுகமாக்கிய ஆண்டவரைத் தினமும் விடியற்காலையில் வாசித்தவருக்கு, இரண்டு ஞாயிறுகளிலும் முதலிடம் ஒருவருக்கே இருந்தது. 1945 பிப்ரவரி 21 அன்று மூளைக்கட்டியால் அதே முகாமில் இறந்தபோது அவருக்கு வயது 43.

(தொடரும்)