பெயர்ப்பலகையை நம்பாதீர்கள், என்ஜின் எண்ணைப் பாருங்கள்!

நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் தோட்டத்தில் இருக்கிறார். ஊழியர் சேமநிதியில் கிடைத்த பணத்தில் ஒரு பகுதியை எடுத்துப் பழைய பென்ஸ் 200டி டீசல் கார் ஒன்றை வாங்கினார். மனைவியை மருத்துவமனைக்கும் பேத்தியைப் பள்ளிக்கும் அழைத்துச் செல்லலாம் என்பது அவர் எண்ணம். ஒரு நாள் கையில் பில்லோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"வாத்தியாரையா, தண்ணி கொதிச்சுதுன்னு ஹெட்டைப் பிரிச்சு புது கேஸ்கெட் போட்டாங்க. ரெண்டே வாரத்துல மறுபடி கொதிக்குது. இப்ப டிக் டிக்குனு சத்தம் வேற. ஆயில் டேப்பட் எட்டையும் மாத்தணுமாம்!"

பில்லை எனக்குப் படிக்கத் தெரியும். என்ஜினைப் படிக்கத் தெரியாது. ஜோர்ஜ்டவுனில் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவனை அழைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பினாங்குப் பாலத்தைக் கடந்து செபராங் பிறைக்கு வந்தான். அவன் எடுத்த முதல் கருவி ஸ்பேனர் அல்ல. ஒரு துணியும் டார்ச் விளக்கும்தான். என்ஜின் பிளாக்கில் படிந்திருந்த எண்ணெய்க் கசடைத் துடைத்து, பொறித்திருந்த எண்ணைப் படித்தான்.

"சார், பின்னால 200டின்னு எழுதியிருக்கு. ஆனா எண் 616ன்னு தொடங்குது. உள்ளே இருக்கிறது 240டி என்ஜின்" என்றான்.

அந்த மூன்று இலக்கத்தில்தான் பெரியவரின் பணம் சிக்கிக் கிடந்தது.

அன்பான வாசகர்களே, மெர்சிடிஸ் நிறுவனம் 1936ஆம் ஆண்டிலேயே 260டி என்ற டீசல் காரை வெளியிட்டது. பின்னாளில் பட்டர்வொர்த்திலிருந்து வெளியூர்களுக்கு ஓடிய வாடகை வண்டிகளிலும் பென்ஸ் டீசல்கள் உண்டு. வண்டியின் உடல் ஒன்று, என்ஜின் வேறொன்று என்று மாற்றிப் பொருத்துவதும் பழைய வண்டிகளில் நடப்பதுதான்.

615 என்று தொடங்கும் 200டி என்ஜினில் சிலிண்டரின் விட்டம் 87 மில்லிமீட்டர். 616 என்று தொடங்கும் 240டி என்ஜினில் சுமார் 91 மில்லிமீட்டர். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும். 87 மில்லிமீட்டர் துளையுள்ள கேஸ்கெட்டை 91 மில்லிமீட்டர் சிலிண்டர் மேல் வைத்தால் சுற்றிலும் 2 மில்லிமீட்டர் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். டீசல் என்ஜின் காற்றை இருபது மடங்குக்கு மேல் அழுத்திச் சூடாக்கி எரிக்கிறது. அந்த நெருப்பில் நீட்டிய விளிம்பு எத்தனை நாள் தாங்கும்? விளிம்பு கருகினால் எரிந்த வாயு தண்ணீருக்குள் புகும். ரேடியேட்டரில் குமிழி வரும், தண்ணீர்க் குழாய் கல் போல இறுகும், தண்ணீர் குறைந்துகொண்டே போகும்.

வண்டியைப் பட்டறைக்கு இழுத்துச் சென்று ஹெட்டைக் கழற்றினார்கள். பழைய கேஸ்கெட்டின் துளையில் என் பள்ளி அடிக்கோலை வைத்து அளந்தேன். 87! பெயர்ப்பலகையைப் பார்த்து வாங்கிய கேஸ்கெட் அது.

இனி அந்த டிக் டிக் சத்தம். 615, 616 என்ஜின்களில் ஆயில் டேப்பட்டே கிடையாது. மேலே கேம் ஷாப்ட் சுழன்று ஒரு சிறு ராக்கரை அழுத்த, அது வால்வைத் திறக்கிறது. வால்வுத் தண்டின் உச்சியில் இரண்டு நட்டுகள் இருக்கும். இரண்டு 14 மில்லிமீட்டர் ஸ்பேனர்களால் அவற்றைத் திருகி இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது காற்று உள்ளே வரும் வால்வுக்கு 0.10 மில்லிமீட்டர் இடைவெளி போதும். ஏறக்குறைய நோட்டுப் புத்தகத்தின் ஒரு தாள் கனம். புகை வெளியேறும் வால்வு அதிகம் சூடாகி நீள்வதால் அதற்கு இடைவெளி கூடுதலாக வேண்டும்.

"இடைவெளி கூடினா சத்தம் வரும் சார். குறைஞ்சா சத்தமே வராது. வால்வு முழுசா மூடாம கருகிப் போயிடும். அதுதான் பெரிய ஆபத்து" என்றான் மாணவன். அமைதியாக ஓடுகிறது என்று மகிழ்ந்துபோய்ச் சோதிக்காமல் விடக்கூடாது.

ஆயில் டேப்பட் வேறு வகை. 1983இல் வந்த 190டி காரின் 601 என்ஜினில் வாளி வடிவ ஹைட்ராலிக் டேப்பட் உண்டு. அதற்குள் புகும் ஆயிலின் அழுத்தமே இடைவெளியை இல்லாமல் செய்துவிடும். திருகிச் சரிசெய்ய அங்கே நட்டு இல்லை. இதில் இன்னொரு வேடிக்கை: 1980களின் நடுவில் வந்த புதிய 200டி காருக்கும் இதே 601தான். அதன் சிலிண்டர் விட்டமும் 87தான்! பெயரும் ஒன்று, விட்டமும் ஒன்று, ஆனால் என்ஜின் முற்றிலும் வேறு. ஆகவே விட்டத்தை அளந்தால் மட்டும் போதாது. எண்ணையும் பார்க்க வேண்டும்.

மற்றக் கார்களிலும் இதே கதைதான். வோக்ஸ்வேகன் 1.6 லிட்டர் டீசலில் 1985ஆம் ஆண்டு நடுப்பகுதி வரை டேப்பட்டின் மேல் வட்டத் தகடு வைத்து இடைவெளியைச் சரிசெய்தார்கள். பிறகு ஹைட்ராலிக் வந்தது. அதன் கேஸ்கெட்டும் மூன்று கனங்களில் வரும். பிஸ்டன் பிளாக்குக்கு மேல் எவ்வளவு எழும்புகிறது என்று அளந்து தேர்ந்தெடுக்க வேண்டும். கனத்தைக் காட்ட ஓரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வெட்டுகளோ துளைகளோ இருக்கும். எனவே பழைய கேஸ்கெட்டைக் குப்பையில் எறியாதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.

பழைய டீசல் கார் வைத்திருப்பவர்கள் மூன்றை மனத்தில் வையுங்கள். என்ஜின் எண்ணை ஒரு தாளில் குறித்து வீட்டில் வையுங்கள். டேப்பட் மாற்ற வேண்டும் என்று சொன்னால், மேல்மூடியைத் திறந்து எந்த வகை என்று காட்டச் சொல்லுங்கள். புதிய கேஸ்கெட்டைப் பொருத்தும் முன் பழையதோடும் சிலிண்டரோடும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம், பணம் நம்முடையது.

பெரியவரின் வண்டிக்குச் சரியான கேஸ்கெட் போட்டார்கள். ஹெட்டின் சமதளத்தையும் சோதித்தார்கள். எட்டு வால்வுகளின் இடைவெளியையும் சரிசெய்தார்கள். ஆயில் டேப்பட்டுக்காக ஒரு வெள்ளிகூடச் செலவாகவில்லை. பேத்தி இப்போது அந்தக் காரில்தான் பள்ளிக்கு வருகிறாள்.

கருகிய கேஸ்கெட்டை நான் கேட்டு வாங்கி வந்தேன். விட்டம் என்றால் என்ன என்று பாடம் நடத்தும் நாளில், அதைத்தான் மாணவர்கள் கையில் கொடுத்து அளக்கச் சொல்கிறேன்.