பெயரை மறைக்க உங்கள் போன் படும் பாடு தெரியுமா?

சட்டைப்பையில் சும்மா கிடக்கும் போன் உண்மையில் சும்மா இருப்பதே இல்லை, தெரியுமா? டவரோடு அவ்வப்போது பேசிக்கொண்டே இருக்கும். அப்போது உங்களை அடையாளம் காட்ட, சிம்முக்குள் 15 இலக்கம் வரை நீளும் ஐ.எம்.எஸ்.ஐ. எண் ஒன்று இருக்கிறது. அது 404 அல்லது 405 என்று தொடங்கினால் இந்திய சிம். 413 என்றால் இலங்கை சிம்!

இந்த எண் காற்றில் அடிக்கடி பறந்தால், யார் எங்கே போகிறார் என்று எவரும் பின்தொடரலாம் அல்லவா? அதனால் 2ஜி காலத்திலேயே ஓர் ஏற்பாடு வந்துவிட்டது. முதல் அறிமுகம் முடிந்ததும் நெட்வொர்க் ஒரு தற்காலிக எண்ணைக் கொடுக்கும். பிறகு அந்தப் புனைபெயரில்தான் பேச்செல்லாம். அருமையான யோசனை! ஆனால் 2ஜியில் போன்தான் தன்னை நிரூபிக்க வேண்டும், டவர் நிரூபிக்க வேண்டியதே இல்லை. போலி டவர் ஒன்று "நிஜ எண்ணைச் சொல்" என்று கேட்டால் போன் அப்படியே ஒப்பித்துவிடும்! 3ஜியும் 4ஜியும் டவரையும் சோதிக்கின்றன. ஆனால் சோதனைக்கு முன்பே எண்ணைக் கேட்டால்? அங்கேயும் அதே கதைதான்.

2018இல் வெளியான 5ஜி தரநிலை இதற்கு ஒரு வழி கண்டது. நிஜ எண் இப்போது உங்கள் சிம் நிறுவனத்தின் பொதுச் சாவியால் பூட்டப்பட்டுப் போகிறது. திறக்கும் சாவி அந்த நிறுவனத்திடம் மட்டுமே! பூட்டிய வடிவமும் ஒவ்வொரு முறையும் வேறு. நாட்டுக் குறியீடும் நிறுவனக் குறியீடும் மட்டும் வெளியே தெரியும். உறைமேல் ஊர்ப்பெயர் இல்லாத கடிதம் எப்படிப் போய்ச் சேரும்? ஆனால் பூட்டாமல் அனுப்பவும் அதே தரநிலை இடம் தருகிறது. அந்த வாசலை அடைத்திருக்க வேண்டும் என்பேன்.

வைஃபை மட்டும் சளைத்ததா? 2013இல் லண்டன் நகரின் குப்பைத்தொட்டிகள் சில, கடந்துபோனவர்களின் போன்களை அவற்றின் வைஃபை முகவரி வைத்து அடையாளம் கண்டுகொண்டிருந்தன! விஷயம் வெளியானதும் நகர நிர்வாகம் நிறுத்தச் சொன்னது. இன்று ஐபோனும் ஆண்ட்ராய்டும் அந்த முகவரியை மாற்றி மாற்றிக் காட்டுகின்றன.

இன்னொன்று தெரியுமா? அதே 2013இல் வெளியான ஓர் ஆய்வு, 15 லட்சம் பேரின் 15 மாத போன் பதிவுகளை அலசியது. பெயரே இல்லாத பதிவுகள்தான். ஆனாலும் ஒருவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்ற 4 குறிப்புகள் போதும், 95 சதவீதம் பேரைத் தனியே பிரித்துவிடலாம்!

2ஜியின் போலி டவர் வலையில் விழாமலிருக்க, உங்கள் போன் அமைப்புகளில் 2ஜியை அணைக்கும் வசதி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் அணைத்துவிடுங்கள், 2ஜி மட்டுமே கிடைக்கும் ஊருக்குப் போகும்போது திரும்பப் போட்டுக்கொண்டால் போதும்.